டான்ஸ்ஹால் ரிடிம் ஒன்றைச் செய்து, பாடகர்களைப் பாடவைத்து, வெளியிடுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரே பின்னணித் தாளத்தின் மேல் பத்துப் பேர் தத்தம் வரிகளையும் மெட்டையும் வைத்துப் பத்துத் தனிப் பாடல்களைப் பதிவுசெய்வது ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் அன்றாட வழக்கம். அந்தப் பின்னணியை ரிடிம் என்பார்கள். ஸ்டீவன் ‘லென்கி’ மார்ஸ்டன் உருவாக்கிய ‘திவாலி’ ரிடிமின் கைதட்டல் தாளத்தின் மேல்தான் ஷான் பாலின் ‘கெட் பிஸி’, வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’ ஆகிய இரண்டு பாடல்களும் அமைந்துள்ளன. அவற்றுள் முதலாவது 2003இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. பின்னணி ஒன்றே என்றாலும் பாடகரும் மெட்டும் வேறு, வருமானக் கணக்கும் வேறு.

வீட்டிலேயே கணினியில் தாளம் செய்யத் தெரிந்த, ஆனால் ஜமைக்கப் பாடகர்களை வைத்து ஒரு ரிடிமை முறையாக வெளியிட்டுப் பழக்கமில்லாத நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வசிக்கும் டொராண்டோவில் ஜமைக்கர்கள் பெருந்தொகையாக வாழ்வதால் இசைக்கும் பாடகர்களுக்கும் எனக்குக் குறைவில்லை. என்னைத் திணறவைத்தது முழுக்க முழுக்கத் தாள் வேலைதான். ரிடிம் ஒன்றாக இருந்தாலும் அதன் மேல் பதிவாகும் ஒவ்வொரு பாடலும் தனிச் சொத்து. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனிப் பங்கீடு, தனிப் பதிவெண் வேண்டும். இதை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் பின்வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை உங்களை நெருங்கா.

சில சொற்களை முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். ஜமைக்காவில் டீஜே என்பவர் தாளத்தோடு பேச்சு நடையில் வரிகளைப் பொழிபவர். இசைத்தட்டு ஓட்டுபவருக்குச் செலக்டர் என்று பெயர். பேச்சையும் பாட்டையும் கலப்பவர் சிங்ஜே. ரிடிமின் மேல் குரல் பதிவதை வாய்சிங் என்றும், ஒரே ரிடிமின் பாடல்களைச் செலக்டர் அடுத்தடுத்து ஓட்டுவதை ஜக்ளிங் என்றும் சொல்வார்கள்.

1. ரிடிம் முழுவதும் உங்களுடையதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

பாடகரைத் தேடுவதற்கு முன் உங்கள் ரிடிமுக்குள் இருக்கும் ஒவ்வோர் ஒலியும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேஸ் வாசித்தவர், கிட்டார் வாசித்தவர், விலைக்கு வாங்கிய ஒலித்தொகுப்பு, இணையத்தில் கிடைத்த துண்டு என எதையும் விடாதீர்கள். வாசித்துத் தந்த ஒவ்வொரு கலைஞரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். சட்டப்படியான பெயர், வாசித்த கருவி, பெற்ற தொகை, தேதி, ஒலிப்பதிவின் மீதான உரிமையை உங்களுக்கு விட்டுத்தருவதாக ஒரு வாக்கியம், கையொப்பம் ஆகியவை அதில் இருந்தால் போதும். நெருங்கிய நண்பர்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அதே கையொப்பத்தைக் கேட்பது உங்களுக்கும் அவருக்கும் சங்கடம்.

பழைய ரிடிமை மீண்டும் பயன்படுத்துவது ஜமைக்காவில் பரவலான பழக்கம் என்பதால், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. ஜமைக்காவின் 1993ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் உரிமைக் காலத்தை 95 ஆண்டுகளாக நீட்டியிருக்கிறது. ஆகவே 1960களில் ஸ்டூடியோ ஒன் என்ற ஜமைக்க இசை நிறுவனம் செய்த ரிடிம்களானாலும் சரி, 1985இல் தயாரிப்பாளர் கிங் ஜாமி வெளியிட்ட ‘ஸ்லெங் டெங்’ ஆனாலும் சரி, உரிமையாளரின் அனுமதியின்றித் தொட முடியாது. தாளத்தின் அடிப்படை அமைப்பைக்கூட எச்சரிக்கையோடு கையாள வேண்டிய காலம் இது. ஸ்டீலி அண்ட் கிளீவி இரட்டையர் 1989இல் செய்த ‘ஃபிஷ் மார்க்கெட்’ ரிடிமின் தாளத்தை ரெக்கேடோன் என்ற லத்தீன் அமெரிக்க இசை வகையின் கலைஞர்கள் பலர் அனுமதியின்றி எடுத்தாண்டதாக 2021இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சுட்டும் அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி எதிர்த்தரப்பினர் கேட்டதை 2024இல் நீதிபதி ஏற்கவில்லை. தாளம் யாருக்கும் சொந்தமில்லை என்ற பழைய நம்பிக்கையை இனி நம்பிப் பணம் போடாதீர்கள்.

கட்டணம் கட்டி வாங்கும் ஒலித்தொகுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை வணிகப் பாடலில் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் இருக்கலாம். ஆனால் அதே துண்டை உலகில் ஆயிரம் பேர் பயன்படுத்தியிருப்பார்கள். ஒன்பதாம் படியில் வரும் யூடியூப் விவகாரத்தில் இதுவே காலை வாரிவிடும். முடிந்தவரை தனி வாசிப்பையே பயன்படுத்துங்கள்.

2. பாடுபவருக்கு ஏற்றபடி ரிடிமைத் தயார்செய்யுங்கள்

டான்ஸ்ஹால் ரிடிம்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 அடி வேகத்துக்குள் இருக்கும். வேகத்தைவிட முக்கியமானது இடைவெளி. கேட்க நிறைவாக இருக்கும் ரிடிம் பாடுவதற்கு இடமில்லாமல் இருக்கக்கூடும். குரல் வரும் நடு அலைவரிசையைக் கீபோர்டு ஒலிகள் அடைத்துக்கொண்டால் நல்ல டீஜேயும் அதை ஒதுக்கிவிடுவார். மூன்று நிமிட நீளம், தொடக்கத்தில் நான்கு அல்லது எட்டு பார் முன்னிசை, எட்டு பார் பல்லவி, பதினாறு பார் சரணம், இடையில் பேஸும் தாளமும் மாறி மாறி விலகும் ஓரிரண்டு இடங்கள் என்று அமைத்தால் யாரும் எளிதில் பாடலாம்.

அனுப்பும்போது உங்கள் நிறுவனப் பெயர் ஒலிக்கும் எம்பி3 கோப்பை மட்டும் அனுப்புங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு 24 பிட் வேவ் கோப்பை, பெயர் ஒலிக்காத வடிவில், தாருங்கள். தனித்தனித் தடங்களை எவருக்கும் அனுப்ப வேண்டாம். குரல் பதிய, முழு இசையும் ஒன்றாகக் கலந்த ஸ்டீரியோ கோப்பே போதும். கோப்பின் பெயரிலேயே ரிடிமின் பெயர், வேகம், சுருதி, உங்கள் நிறுவனப் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் ஒரு பாடகரின் வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் எத்தனையோ ரிடிம்கள் வந்து விழுகின்றன. ‘புதியது_2_கடைசி’ என்ற பெயரில் வரும் கோப்பை மறுபடி தேடியெடுக்க யாருக்கும் நேரமில்லை.

3. யாரைப் பாடவைப்பது என்று தீர்மானியுங்கள்

செலக்டர் ரிடிமைக் கையில் எடுப்பதற்கு ஒரு தெரிந்த குரலாவது வேண்டும். அவரை அடுத்து ஜக்ளிங்கில் புதியவர்களின் பாடல்களும் தாமாகவே ஓடும். ஆகவே பெயர் பெற்ற ஒருவர், நடுத்தர நிலையில் இருவர் மூவர், மீதி புதியவர்கள் என்று திட்டமிடுங்கள். இசைக்கு ஆண் டீஜே குரல்கள் மட்டும் போதா. ஒரு பாடகி, ஒரு சிங்ஜே இருந்தால் அடுத்தடுத்துக் கேட்கையில் சலிப்புத் தட்டாது. முதல் ரிடிமுக்கு ஐந்தாறு பாடல்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கூடுதல் பாடலும் மிக்சிங் (குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது), ஒப்பந்தம், பதிவு என எல்லாச் செலவையும் மறுபடி கொண்டுவரும்.

தொடர்புகொள்ளும் இடத்தில்தான் ஏமாற்று அதிகம். இன்ஸ்டாகிராமில் தன்னை மேலாளர் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களில் பலருக்குப் பாடகரோடு எந்தத் தொடர்பும் இருக்காது. பாடகரின் சரிபார்க்கப்பட்ட பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். பணம் கட்டுமுன் பாடகரோடு காணொளி அழைப்பில் ஒரு நிமிடமாவது பேசுங்கள். ஒரு கூடுதல் பாதுகாப்பும் உண்டு. டான்ஸ்ஹாலில் பாடலின் தொடக்கத்தில் தயாரிப்பாளரின் பெயரைப் பாடகர் சொல்லி அழைப்பது நெடுநாள் மரபு. உங்கள் நிறுவனப் பெயரும் ரிடிமின் பெயரும் பாடகரின் குரலில் பதிவாகி வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். வேறொரு ரிடிமுக்குப் பாடிய பழைய குரலை எடுத்து உங்கள் தலையில் கட்டுபவரையும், கணினியில் போலிக்குரல் செய்பவரையும் இது ஓரளவு தடுக்கும்.

அடுத்த பொறி டப்பிளேட். சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஒலிபெருக்கிகளோடு ஆட்ட நிகழ்ச்சிகளில் பாடல் ஓட்டும் குழு) ஒன்றின் புகழைச் சொல்லிப் பாடகர் தனியாகப் பதிந்து தரும் சிறப்புப் பதிவே டப்பிளேட். ஸ்பெஷல் என்றும் சொல்வார்கள். அதை அந்தச் சவுண்ட் சிஸ்டம் நிகழ்ச்சியில் ஓட்டலாம், விற்பனைக்கு வெளியிட முடியாது. அதன் கட்டணம் வாய்சிங் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து பணம் கட்டிவிட்டு, கிடைத்தது டப்பிளேட் என்று பிறகு அறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இது வணிக வெளியீட்டுக்கான புதிய பாடல்’ என்ற சொற்கள் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும்.

பாடகர் வேறு நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாடகர் வாயால் தரும் சம்மதம் செல்லாது. இந்த அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம்.

4. ஒப்பந்தமும் பங்கீட்டுத் தாளும்

குரல் கோப்பு வருவதற்கு முன்பே கையொப்பம் வந்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பாடல் முடிந்து எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது தாளை நீட்டினால், அதைப் படிக்க வழக்கறிஞர் வேண்டும் என்பார்கள், மேலாளர் வெளியூரில் என்பார்கள். வெளியீட்டு நாள் வந்து நிற்கும்.

ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு ஆவணங்கள் தேவை. முதலாவது ஒலிப்பதிவு ஒப்பந்தம். பின்வரும் செய்திகள் அதில் தெளிவாக இருக்க வேண்டும்: இது இன்ன பெயருள்ள ஒரு பாடலுக்கு மட்டும் பொருந்தும், மாஸ்டர் உரிமை, அதாவது ஒலிப்பதிவின் உரிமை, யாருக்கு, பாடகருக்குத் தரும் தொகை ஒரே தடவைக் கட்டணமா, ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணமா, ராயல்டி எத்தனை விழுக்காடு, கணக்கு எப்போது தரப்படும், இதே ரிடிமில் வேறு பலரும் பாடுவார்கள் என்பதைப் பாடகர் அறிவார், இந்தக் குரலை அவரோ நீங்களோ மற்றவரின் ஒப்புதலின்றி வேறு ரிடிமில் வைக்கக் கூடாது, பாடகரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், யூடியூபில் யார் ஏற்றுவது. குறித்த காலத்துக்குள், எடுத்துக்காட்டாக ஓராண்டுக்குள், நீங்கள் வெளியிடாவிட்டால் குரல் பாடகருக்கே திரும்பிவிடும் என்ற வாக்கியத்தை நீங்களே முன்வந்து சேர்த்துவிடுங்கள். தயாரிப்பாளர்களின் கணினிகளில் வெளிவராமல் கிடக்கும் பாடல்களால் நொந்தவர்கள் பாடகர்கள்; இந்த ஒரு வாக்கியம் உங்கள் மேல் நம்பிக்கை வரவைக்கும்.

இரண்டாவது பங்கீட்டுத் தாள். ஒலிப்பதிவு வேறு, பாடல் என்ற படைப்பு வேறு. படைப்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை இது சொல்கிறது. இசை அமைத்தவருக்குப் பாதி, வரியும் மெட்டும் எழுதியவருக்குப் பாதி என்பது பரவலாக ஏற்கப்படும் தொடக்கப் புள்ளி. ரிடிமை நீங்கள் இருவர் சேர்ந்து செய்திருந்தால் உங்கள் பாதியை நீங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்; பாடகரின் வரிகளை வேறொருவர் எழுதியிருந்தால், டான்ஸ்ஹாலில் அது அரிதன்று, அவர் பங்கு பாடகரின் பாதியிலிருந்து போகும். தாளில் ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான பெயர், மேடைப் பெயர், உறுப்பினராக உள்ள ராயல்டி சங்கம், அதில் படைப்பாளியை அடையாளங்காட்டும் ஐபிஐ எண், விழுக்காடு, கையொப்பம், தேதி ஆகியவை வேண்டும். எல்லாப் பங்குகளையும் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். 50, 40, 20 என்று எழுதிய தாளோடு சங்கத்துக்குப் போனால் அந்தப் பாடலின் பணம் யாருக்கும் போகாமல் முடங்கிக் கிடக்கும்.

மேடைப் பெயரை மட்டும் எழுதி வாங்கும் ஒப்பந்தம் பயனற்றது. அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரையே எழுதச்சொல்லி, அட்டையின் நகலையும் கேளுங்கள். பாடகர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பம் வேண்டும். கைபேசியிலேயே கையொப்பமிடும் மின்னணு முறையைப் பயன்படுத்துங்கள். அச்சிட்டு, கையெழுத்திட்டு, படமெடுத்து அனுப்பச்சொன்னால் பாதிப் பக்கம்தான் திரும்பி வரும். முதல் ஒப்பந்த மாதிரியை இசைத்துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு முறை காட்டித் திருத்திக்கொண்டால், அதன் பிறகு பாடலின் பெயரையும் விழுக்காட்டையும் மாற்றி எல்லோருக்கும் பயன்படுத்தலாம். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

5. பணத்தைக் கணக்கிட்டுக் கட்டுங்கள்

புதியவர்கள் பலர் முன்பணமின்றிப் பங்குக்கே பாடுவார்கள். பெயர் பெற்றவர்களின் கட்டணம் ஆயிரக்கணக்கான அமெரிக்க டாலரில் இருக்கும். அதற்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது, அன்றைய சந்தையைப் பொறுத்தது. ஜமைக்கப் பாடகர்கள் சொல்லும் தொகை அமெரிக்க டாலரா ஜமைக்க டாலரா என்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு அமெரிக்க டாலர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஜமைக்க டாலருக்குச் சமம் என்பதால், இந்தக் குழப்பம் சிறியதாக இராது.

பாதித் தொகையைக் கையொப்பத்தின்போதும் மீதியைக் குரல் கோப்பு வந்து சரிபார்த்த பிறகும் தருவது இரு தரப்புக்கும் நியாயமானது. பணம் பெறுபவரின் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயராகவே இருக்கட்டும். நடுவில் மூன்றாமவரின் கணக்கு எண் வந்தால் நிறுத்திவிட்டுப் பாடகரையே அழையுங்கள். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் பாடலின் பெயரை எழுதி, ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்துவையுங்கள்.

புதியவர்கள் மறக்கும் செலவு மிக்சிங். ரிடிம் ஒன்று என்பதால் ஒரு தடவை மிக்சிங் செய்தால் போதும் என்று தோன்றும். ஒவ்வொரு குரலும் வேறு அறையில் வேறு ஒலிவாங்கியில் பதிவாகி வருவதால் ஒவ்வொரு பாடலையும் தனியாகத்தான் செய்ய வேண்டும். பின்னணி மாறாததால் ஆறு பாடல்களுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசினால் ஒலிப்பொறியாளர்கள் குறைத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் முழு விலைதான். மாஸ்டரிங்கை, அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியளவைச் சீராக்கும் இறுதி வேலையை, எல்லாப் பாடல்களுக்கும் ஒரே கையால், ஒரே நாளில் செய்துவிடுங்கள். ஜக்ளிங்கில் ஒரு பாடல் உரத்தும் அடுத்தது தணிந்தும் ஒலித்தால் செலக்டர் அந்த ரிடிமையே விட்டுவிடுவார்.

6. குரல் கோப்பு வந்ததும் சரிபாருங்கள்

முதன்மைக் குரல், இரட்டிப்புக் குரல், பக்கக் குரல்கள், துணைச் சொற்கள் ஆகியவை தனித்தனி வேவ் கோப்புகளாக, அனைத்தும் ரிடிமின் முதல் நொடியிலிருந்தே தொடங்குபவையாக வர வேண்டும். எதிரொலியும் ஆட்டோடியூனும் (சுருதி திருத்தும் மென்பொருள்) சேராத வடிவம் ஒன்று, பாடகர் தமக்குப் பிடித்தபடி அலங்கரித்த வடிவம் ஒன்று என இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது வடிவம், பாடகர் மனத்தில் எதை நினைத்தார் என்று உங்கள் ஒலிப்பொறியாளருக்குக் காட்டும்.

வரிகளை எழுத்தில் வாங்குங்கள். ஜமைக்கர்கள் பேசும் பாட்வா மொழி உங்களுக்குப் பழகியதாக இருந்தாலும் புதிய தெருச்சொற்கள் புரியாமல் போகலாம். ஜமைக்காவில் வளர்ந்த ஒருவரிடம் பாடலைக் கேட்கவையுங்கள். மெட்டையும் கவனியுங்கள். பழைய அமெரிக்கப் பாப் பாடல் ஒன்றின் பல்லவி மெட்டை எடுத்துப் புதிய வரி போட்டுப் பாடுவது டான்ஸ்ஹாலில் பழகிப்போன ஒன்று. நிகழ்ச்சியில் கூட்டம் அதைக் கேட்டு ஆர்ப்பரிக்கும். வெளியீட்டிலோ அந்தப் பழைய பாடலின் உரிமையாளர் அனுமதி வேண்டும், உங்கள் பங்கில் பெரும்பகுதி அவருக்குப் போகும். மெட்டு எங்கோ கேட்டதுபோல் இருந்தால், வேறு மெட்டில் மறுபடி பாடித்தரும்படி அப்போதே கேட்டுவிடுங்கள்.

7. வானொலிக்கான வடிவத்தை இப்போதே செய்யுங்கள்

வசைச்சொல் உள்ள மூல வடிவம் ஒன்றும், அது நீங்கிய வடிவம் ஒன்றும் ஒவ்வொரு பாடலுக்கும் தேவை. ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் இதில் கண்டிப்பானது. மோசடியையும் சட்டவிரோதப் போதைப்பொருளையும் துப்பாக்கி வன்முறையையும் புகழும் பாடல்களை ஒலிபரப்பக் கூடாது என்று 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. அத்தகைய பாடலில் சொல்லை மட்டும் மௌனமாக்கி அனுப்பினால் பயன் இல்லை. பொருளே தடைக்குள் வருகிறது. ஆகவே வானொலியை நம்பிச் செலவு செய்பவர்கள் பாடலின் பொருளைப் பாடகரோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மாற்று வரியைப் பாடகர் அதே பதிவில் பாடித்தந்துவிட்டால் செலவில்லை. பிறகு கேட்டால் மறுபடி அவரைப் பிடிக்க வேண்டும்.

8. பதிவெண்களும் சங்கங்களும்

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் அதைத் தனியாக அடையாளங்காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும்; எழுத்தும் எண்ணுமாக அதில் 12 குறிகள் இருக்கும். மூல வடிவம், வானொலி வடிவம், குரலில்லாத ரிடிம் ஆகிய மூன்றும் மூன்று ஒலிப்பதிவுகள். மூன்றுக்கும் மூன்று எண்கள். ஒரு பாடலைத் தனிப்பாடலாக வெளியிட்டுப் பிறகு தொகுப்பில் சேர்க்கும்போது அதே எண்ணையே கொடுங்கள். புதிய எண் கொடுத்தால் கேட்பு எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும்.

படைப்புக்கான ராயல்டியைப் பெற நீங்கள் உங்கள் நாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும்: கனடாவில் சோகன், இந்தியாவில் ஐபிஆர்எஸ், பிரிட்டனில் பிஆர்எஸ். ஜமைக்கப் பாடலாசிரியர்களுக்கு ஜேகேப். ஒலிப்பதிவு ஒலிபரப்பாவதற்கான தொகையை ஜமைக்காவில் தயாரிப்பாளர்கள் சார்பில் ஜாம்ஸ் என்ற வேறு சங்கம் திரட்டுகிறது. இரண்டும் ஒன்றென்று எண்ணி ஒன்றில் மட்டும் சேர்ந்தால் பாதிப் பணம் வராது. பாடகர் எந்தச் சங்கத்திலும் சேராதவர் என்றால் வெளியீட்டுக்கு முன்பே சேரச்சொல்லி வற்புறுத்துங்கள். அது அவருக்குச் செய்யும் பேருதவி.

9. விநியோகமும் யூடியூப் உரிமைக்கோரலும்

பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற இணையத் தளங்களுக்கு அனுப்பித்தரும் விநியோக நிறுவனங்களில் சில ஆண்டுக் கட்டணம் வாங்கும், சில வெளியீட்டுக்கு ஒருமுறைக் கட்டணம் வாங்கும், சில வருமானத்தில் பங்கு எடுக்கும். ஆண்டுக் கட்டணம் என்றால், கட்டுவதை நிறுத்தினால் பாடல் தளங்களிலிருந்து இறங்கிவிடுமா என்று முன்பே படியுங்கள். டான்ஸ்ஹாலை அறிந்த நிறுவனங்களும் உண்டு: நியூயார்க்கின் விபி ரெக்கார்ட்ஸ் நடத்தும் விபால் மியூசிக், ஹபிலோஸ், ஜோஜாக் போன்றவை. பலர் பாடிய தொகுப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் அந்தந்தப் பாடகரே முதன்மைக் கலைஞராகப் பதிவாக வேண்டும். அவருடைய ஸ்பாட்டிஃபை பக்க முகவரியை ஒப்பந்தத்தோடே வாங்கிவைத்தால் பாடல் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் உட்காராது.

யூடியூபின் கன்டென்ட் ஐடி பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தரப்பட்ட ஒலியோடு ஒத்துப்போகும் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பும் கருவி அது. ரிடிமுக்கு இது ஒத்துவருவதில்லை. முதல் பாடகரின் பாடல் அதில் சேர்ந்ததும், முன்னிசையும் பின்னணியும் ஒன்றாகவே இருப்பதால், இரண்டாவது பாடகரின் காணொளியை முதலாமவரின் சொத்து என்று கருவி சொல்லிவிடும். தம் பாட்டின் வருமானம் சக பாடகருக்குப் போகிறது என்ற அறிவிப்பைப் பார்க்கும் பாடகர் உங்களைத்தான் திருடன் என்பார். பொதுவாக விற்கப்படும் ஒலித்துண்டு உள்ளே இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தனியுரிமை இல்லாத ஒலியை அந்தக் கருவியில் சேர்ப்பதே விதிமீறல். ஆகவே எல்லாப் பாடல்களையும் ஒரே விநியோக நிறுவனம் வழியாக மட்டும் அனுப்புங்கள், கன்டென்ட் ஐடி சேவையைத் தேர்வுசெய்யாமல் விடுங்கள், பாடகரும் தம் சொந்தக் கணக்கு வழியாக அதே பாடலை ஏற்ற மாட்டார் என்று நான்காம் படியின் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர்கள் விநியோக நிறுவனத்தின் பக்கத்தில் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அமெரிக்க வருமானத்தில் 30 விழுக்காடு வரை வரியாகப் பிடிக்கப்படலாம். உங்கள் நாட்டோடு வரி உடன்படிக்கை இருந்தால் குறையும்.

10. காலத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள்

ரிடிமுக்குப் பருவம் உண்டு. ஜமைக்காவில் ஜூலையில் மான்டிகோ பேயில் ரெக்கே சம்ஃபெஸ்ட் இசை விழா, ஆகஸ்ட் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 6 சுதந்திர நாள் என்று கோடைக்காலம் முழுவதும் ஆட்ட நிகழ்ச்சிகள் நிரம்பி வழியும். டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டாவது அலை. கோடையைக் குறிவைத்தால் மே மாத இறுதிக்குள் பாடல்கள் செலக்டர்கள் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் மார்ச்சுக்குள் குரல் பதிவு, ஏப்ரலில் மிக்சிங், ஜனவரியிலேயே பாடகர்களுக்கு ரிடிம். ஜூலையில் ரிடிமை அனுப்பினால் பெயர் பெற்ற பாடகர்கள் மேடையிலும் விமானத்திலும் இருப்பார்கள்.

ஜமைக்காவில் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. டொராண்டோவில் குளிர்காலத்தில் அதே நேரம், கோடையில் நாம் ஒரு மணி நேரம் முன்னால். சென்னையும் யாழ்ப்பாணமும் பத்தரை மணி நேரம் முன்னால். அங்கே ஸ்டூடியோ வேலை பெரும்பாலும் இரவில் நடப்பதால், சென்னையில் இருப்பவருக்குக் காலை பத்து மணி என்பது அழைப்பதற்கு நல்ல நேரம்.

வெளியீடு பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். ஸ்பாட்டிஃபையின் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்கு முன்மொழியக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாடல் சேர்ந்திருக்க வேண்டும். நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவது பாதுகாப்பு. பலர் பாடிய தொகுப்பை அங்கே முன்மொழிய முடியாது. ஆகவே முதலில் இரண்டு மூன்று பாடல்களைத் தனிப்பாடல்களாக அந்தந்தப் பாடகர் பெயரில் விட்டு, அவர்கள் கணக்கிலிருந்தே முன்மொழியச்செய்து, சில வாரங்கள் கழித்து முழுத் தொகுப்பை வெளியிடுங்கள்.

11. செலக்டர்களுக்கும் வானொலிக்கும் அனுப்புதல்

எல்லாப் பாடல்களும், இரண்டு வடிவங்களிலும், குரலில்லாத ரிடிமும், அட்டைப்படமும் ஒரே சுருக்கக் கோப்பாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் பெயரிலும் பாடகர், பாடல், ரிடிம், வடிவம் என்ற வரிசை மாறாமல் வர வேண்டும். குரலில்லாத ரிடிமை மறவாதீர்கள்; செலக்டர் பாடலுக்குப் பாடல் தாவும்போது அதைத்தான் இடையில் ஓட்டுவார். ஐரி எஃப்எம், ஜிப் 103, ஃபேம் 95 போன்ற நிலையங்களுக்கு அனுப்பும்போது வசை நீங்கிய வடிவத்தை மட்டும் அனுப்புங்கள். ஓட்டுவதற்குப் பணம் கேட்பவருக்குப் பணம் தராதீர்கள். உங்கள் நகரத்தின் கரீபியன் செலக்டர்களை நேரில் பார்த்துத் தருவது, முகம் தெரியாத நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிடப் பலன் தரும்.

12. வெளியான பிறகு

தளங்களின் கணக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாகத்தான் வரும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்புகளைத் தொட்டால்தான் அதற்கு ராயல்டி சேரும். புதிய பாடகர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சந்தேகம் வராது. பாடலுக்கு ஒரு வரி என்று ஒரே விரிதாளில் ஐஎஸ்ஆர்சி எண், செலவு, வரவு, பாடகருக்குச் சேர வேண்டியது, கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் சொன்ன மாதத்தில், அவர் கேட்காமலே, கணக்கை அனுப்பிவிடுங்கள். இந்தத் துறையில் கணக்கே பார்க்காமல் காலம் தள்ளிய பாடகர்கள் அதிகம் என்பதால், அந்த ஒரு பக்கத் தாளைப் பெறுபவர் உங்கள் அடுத்த ரிடிமுக்கு முன்பணம் பேசாமலே பாட வருவார். ஒப்பந்தங்கள், அடையாள நகல்கள், ரசீதுகள், தனித்தடக் கோப்புகள் ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள். விளம்பரத்துக்கோ திரைப்படத்துக்கோ உங்கள் பாடலைக் கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளில் பதில் எதிர்பார்ப்பார்கள். அப்போது பங்கீட்டுத் தாளைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்கள் வேறு பாடலுக்குப் போய்விடுவார்கள்.